புறக்கோட்டையும் பொதுமொழியும்: ஓடுகளிடையே பெயர்ந்து இயங்கும் கட்டளைக்கோவைகள் பற்றிய ஒரு நோக்கு

1

கணினி பற்றிய எழுத்துக்கள் தமிழிற் பெருகிவரும் இக்காலத்தில், அவற்றுட் பெரும்பாலானவை கருவியின் பயனை விளக்குவதோடு அமைந்துவிடுகின்றன. கருவிகளுக்கிடையிலான உறவு எவ்வாறு உருவாயிற்று, அவ்வுறவு யாருக்கு வாய்ப்பாகவும் யாருக்கு இடராகவும் அமைகின்றது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. ஓர் இயந்திரத்துக்கென எழுதப்பட்ட கட்டளைகள் பிறிதோர் இயந்திரத்தில் இயங்க மறுப்பது ஏன் என்பது இவ்வினாக்களுள் ஒன்று. மேலோட்டமாக நோக்குமிடத்து இது தொழினுட்பவியலாளரின் அன்றாடச் சிக்கல் மாத்திரமே. ஆயின் மொழி, கிளைமொழி, பொதுவழக்கு ஆகியவற்றைச் சமூக வரலாற்றோடு இயைத்து ஆராயப் பழகிய எமக்கு இச்சிக்கலின் அமைப்பு புதியதன்று.

முதலிற் கலைச்சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். யுனிக்ஸ் வழிவந்த பணிசெயல் முறைமைகளில், வன்பொருளையும் நினைவகத்தையும் நேரடியாக ஆளும் பகுதி கரு எனப்படும். பயனர் அக்கருவோடு நேரே உரையாடுவதில்லை. அவர் தட்டச்சிடும் வரிகளை வாசித்துப் பொருள்கொண்டு உரிய நிரல்களை இயக்குவிக்கும் இடையீட்டு நிரல் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு ஷெல் என்று பெயர். அச்சொல் எம்மவர் செவிக்கு எறிகணையையே நினைவூட்டுமாதலின், இக்கட்டுரையில் அதனை ‘ஓடு’ என வழங்குவோம். மீண்டும் மீண்டும் செய்யவேண்டிய கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசைப்பட எழுதிவைத்து ஓட்டினைக் கொண்டு நிறைவேற்றுவிக்கும்போது, அக்கோப்பு கட்டளைக்கோவை ஆகின்றது.

கருவுக்கும் ஓட்டுக்கும் உள்ள தொடர்பைக் கொழும்பு வாசகர்கள் எளிதில் விளங்கிக்கொள்வர். கோட்டை ஆட்சியின் இருப்பிடம். அதற்குப் புறத்தே, அதனோடு கொடுக்கல் வாங்கல் செய்வோர் கூடும் இடம் புறக்கோட்டை. சிங்களப் பெயரான ‘பிட்டகொட்டுவ’வும் இதே பொருளினதே. ஆங்கிலேயர் வழங்கிய ‘பெற்றா’ என்னும் பெயரோ தமிழிலுள்ள ‘பேட்டை’ என்பதன் திரிபு. செட்டியார் தெருவின் நகை வணிகரும், பிரதான வீதியின் துணி வணிகரும், மூட்டை சுமக்கும் நாட்டாமைகளும் தமிழ், சிங்களம் முதலான பல மொழிகளையும் அவற்றின் பல வழக்குகளையும் பேசுவர். ஆயினும் வணிகம் நடைபெறுகின்றது. ஏனெனில் விலை, எண்ணிக்கை, நிறை ஆகியவற்றைக் குறிக்கும் ஒரு சிறு சொற்றொகுதி எல்லோருக்கும் பொதுவாக உள்ளது. ஓடுகளின் உலகமும் இத்தகையதே. அங்கும் வழக்குகள் பல. அப்பொதுத் தொகுதிக்குள் நின்று எழுதப்படும் கட்டளைக்கோவையே இயந்திரத்துக்கு இயந்திரம் பெயர்ந்து இயங்க வல்லது.

2

வழக்குகள் பலவாயினமை தற்செயலானதன்று. அமெரிக்காவின் தொலைபேசித் துறையில் ஏகபோகம் செலுத்திய ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனம், 1956ஆம் ஆண்டு அரசோடு செய்துகொண்ட இணக்கத் தீர்ப்பின்படி, தொலைத்தொடர்புக்குப் புறம்பான வணிகங்களில் இறங்கமுடியாதிருந்தது. எனவே அதன் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்த யுனிக்ஸ், விற்பனைப் பண்டமாகவன்றி, குறைந்த கட்டணத்தில் மூலநிரலோடு பல்கலைக்கழகங்களுக்கு உரிமம் வழங்கப்பட்ட ஒன்றாகப் பரவிற்று. பெற்றவர்கள் அதனை வாசித்தனர், திருத்தினர், தத்தம் தேவைக்கேற்ப வளர்த்தனர்.

கென் தொம்சன் 1971இல் எழுதிய முதலாவது ஓடு மிக எளியது. 1979இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வெளிவந்த ஸ்டீவன் போர்னின் ஓடே கட்டளைக்கோவை எழுதுவதற்கான முழுமையான மொழியாக அமைந்தது. ஏறத்தாழ அதே காலத்திற் கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தில் பில் ஜோய் வேறோர் இலக்கணத்தையுடைய ‘சி’ ஓட்டினை ஆக்கினார். 1980களின் முற்பகுதியில் டேவிட் கோர்ண், போர்னின் மொழியை விரிவாக்கிக் கோர்ண் ஓட்டினைத் தந்தார். இவை அறிவார்வத்தின் வழிப்பட்ட கிளைப்புகள் எனலாம்.

1984இல் நிலைமை மாறிற்று. ஏ.ரி. அன்ட் ரி. துண்டாடப்பட்டது, பழைய தடையும் நீங்கிற்று. யுனிக்ஸ் முழுமையான விற்பனைப் பண்டமாயிற்று. சன், ஐ.பி.எம்., ஹியூலட் பக்கார்ட் முதலிய நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தத்தம் யுனிக்ஸை விற்றன. வாங்கியவர் தம்மைவிட்டு அகலாதிருக்கவேண்டுமாயின் தமது பொருள் பிறர் பொருளோடு முற்றும் ஒத்திருத்தல் ஆகாது. வழக்கு வேறுபாடு இவ்வாறு வணிக வேலியாக உருமாறிற்று. 1988இல் ஏ.ரி. அன்ட் ரி., சன் ஆகியவற்றின் அணிக்கு எதிராகப் பிற நிறுவனங்கள் தனி அணி திரண்டமை ‘யுனிக்ஸ் போர்கள்’ என வரலாற்றில் வழங்கும்.

அதே காலத்திற்றான் வேறொரு போக்கும் உருவாயிற்று. றிச்சர்ட் ஸ்டோல்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்காக பிறையன் ஃபொக்ஸ் 1989இல் ‘பாஷ்’ என்னும் ஓட்டினை ஆக்கினார். கெனத் அம்குவிஸ்ற் இயற்றிய சிறிய ஓடொன்றும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. அதன் வழித்தோன்றலே இன்றைய ‘டாஷ்’. இவை எவருடைய தனியுடைமையும் அல்ல. எனினும் இவற்றிடையேயும் வழக்கு வேறுபாடு உண்டு. உடைமை உறவு மாறிய மாத்திரத்தே மொழி ஒன்றாகிவிடுவதில்லை என்பதனை இங்கு மனங்கொள்ள வேண்டும்.

3

பிளவு முற்றியபோது பொதுத் தராதரத்துக்கான கோரிக்கையும் வலுப்பெற்றது. போசிக்ஸ் எனப் பெயரிய தராதரத்தின் முதற் பகுதி 1988இல் வெளியாயிற்று. அப்பெயரை முன்மொழிந்தவர் ஸ்டோல்மன். ஓட்டினையும் அதனோடு பயிலும் கருவி நிரல்களையும் வரையறுக்கும் பகுதி 1992இல் ஏற்கப்பட்டது. போர்னின் ஓட்டினை அடிப்படையாகவும் கோர்ண் ஓட்டின் சில கூறுகளைச் சேர்க்கையாகவும் கொண்டு அது அமைந்தது.

தராதரம் என்பது தூய மொழியன்று. அது ஓர் உடன்படிக்கை. எவற்றில் உடன்பாடு எட்டப்பட்டதோ அவற்றை அது விதிக்கும். எட்டப்படாதவற்றை ‘ஆக்குவோர் விருப்பம்’ என விட்டுவிடும். திரையில் ஒரு வரியைக் காட்டும் ‘எக்கோ’ என்னும் மிக எளிய கட்டளையே இதற்குத் தக்க சான்று. பின்சாய்கோட்டையும் அதன் பின் வரும் எழுத்தையும் சேர்த்துப் புதுவரி எனப் பொருள்கொள்ளும் மரபொன்று. அவற்றை உள்ளவாறே அச்சிடும் மரபு மற்றொன்று. இரு தரப்பினரும் விட்டுக்கொடுக்கவில்லை. எனவே தராதரம் வாளாவிருந்தது. அதனாற்றான் பெயர்ந்து இயங்கவேண்டிய கோவைகளில் எக்கோவைத் தவிர்த்து, வரையறை தெளிவான ‘பிரின்ட்எஃப்’ கட்டளையைப் பயன்படுத்துக என வற்புறுத்தப்படுகின்றது.

ஏட்டில் உள்ள தராதரத்துக்கும் நடைமுறைக்கும் இடையிலான தூரத்தை இந்நாட்டுத் தமிழ் வாசகருக்கு விளக்கவேண்டியதில்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் அரசகரும மொழியாக்கிற்று. 1987இல் நிறைவேறிய பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டுமென விதித்தது. விதி எழுதப்பட்டமையும் அது கருமபீடந்தோறும் நடைமுறையாதலும் வெவ்வேறு என்பதைப் பின்வந்த காலம் காட்டிற்று. ஓர் ஓடு தன்னைத் தராதரத்துக்கு அமைந்தது எனக் கூறிக்கொள்வதாலும் கட்டளைக்கோவை பெயர்ந்து இயங்கிவிடாது. எழுதுவோன் பொதுவழக்கை அறிந்து எழுதவேண்டும். எழுதியதைப் பல ஓடுகளில் இயக்கிப் பார்க்கவும் வேண்டும்.

4

இதற்கு அண்மைக்கால வரலாறு தரும் இரு சான்றுகளை நோக்குவோம்.

கட்டளைக்கோவையின் முதல் வரி, அதனை வாசிக்கவேண்டிய ஓடு எதுவெனச் சுட்டும். பொது ஓட்டின் பெயர் ‘எஸ்எச்’. லினக்ஸ் வழங்கல்கள் பலவற்றில் அப்பெயருக்குப் பின்னால் நின்றது பாஷ். எனவே பலர் முதல் வரியிற் பொது ஓட்டின் பெயரை எழுதி, உள்ளே பாஷின் தனிவழக்குகளைப் பயின்றனர். அணிகள், இரட்டைச் சதுர அடைப்பிலான சோதனை, நெளி அடைப்பிலான எண்தொடர் என்பன அத்தகையவை. 2006 ஒக்டோபரில் வெளியான உபுண்டு 6.10, பொது ஓட்டின் இடத்தில் டாஷை அமர்த்திற்று. கணினி விரைவாகத் தொடங்கவேண்டும் என்பதே நோக்கம். டெபியன் தனது 2011ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வழியைப் பின்பற்றிற்று. பொதுமொழியென எண்ணி ஒரு கிளைமொழியில் எழுதப்பட்டிருந்த கோவைகள் பல செயலிழந்தன. குறை டாஷினுடையதன்று. பெரும்பான்மையோரின் வழக்கு தன்னைப் பொதுவழக்கென எண்ணிக்கொள்ளும் இயல்பே இங்கு வெளிப்பட்டது.

இரண்டாவது சான்று உரிமம் பற்றியது. 2007இல் கட்டற்ற மென்பொருள் இயக்கம் தனது பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. 2009இல் வந்த பாஷ் 4.0 அவ்வுரிமத்தின் கீழ் அமைந்தது. அப்பிள் நிறுவனமோ பழைய உரிமத்திலுள்ள 3.2ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. 2019இற் பயனருக்கான இயல்பு ஓட்டினை ‘இசட்எஸ்எச்’ ஆக மாற்றியபின்னரும் அப்பழைய பாஷையே உடன் வழங்கிவருகின்றது. ஆகவே பெயரை விசையாகக் கொண்டு மதிப்பைத் தேடும் அணிகள் போன்ற, பாஷ் 4.0இற் புகுந்த வசதிகள் அப்பிள் கணினியோடு வரும் பாஷிற் கிடைப்பதில்லை. ஒரே பெயருடைய ஓடு இரு கணினிகளில் இரு வேறு மொழி பேசுவதற்குக் காரணம் தொழினுட்பமன்று; உரிமத்தின் சொற்களே.

ஓட்டின் இலக்கணம் மாத்திரமன்றி, அது ஏவும் கருவிகளும் வேறுபடும். கோப்பொன்றை அதே இடத்தில் திருத்தும் ‘செட்’ நிரலின் தெரிவு, குனூ வழக்கில் ஒரு வகையாகவும் பி.எஸ்.டி. வழக்கில் வேறொரு வகையாகவும் எழுதப்படும். தராதரத்தில் அது இல்லவேயில்லை. திருத்தத்தைப் புதிய கோப்பில் எழுதி, வெற்றிபெற்றதை உறுதிசெய்தபின் பழையதன் இடத்தில் அமர்த்துவதே எங்கும் செல்லும் வழி. விண்டோஸ் கணினியில் எழுதப்பட்ட கோப்பின் ஒவ்வொரு வரியின் ஈற்றிலும் கண்ணுக்குத் தெரியாத மீள்குறி ஒன்று இருக்கும். முதல் வரியில் அது ஓட்டின் பெயரோடு ஒட்டிக்கொள்வதால், இருக்கின்ற ஓட்டினையே ‘இல்லை’ என லினக்ஸ் கூறும்.

5

இதுவரை கூறியவை எந்நாட்டு வாசகருக்கும் பொருந்தும். தமிழ்ப் பனுவல்களைக் கையாளும்போது எழும் இடர்கள் தனியே நோக்கத்தக்கவை. பொதுக் கையேடுகள் அவற்றைப் பெரும்பாலும் பேசுவதில்லை.

புறக்கோட்டை என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். தமிழ் வாசகர் இதில் ஆறு எழுத்துக்களைக் காண்பர்: பு, ற, க், கோ, ட், டை. யுனிகோட் முறையில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாதலின் எண்ணிக்கை 11 ஆகும். யு.ரி.எஃப்.-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைற்றுகள் கொள்வதால் அது 33 பைற்றுகளாகும். இச்சொல்லின் நீளம் என்ன என்று ஓடுகளைக் கேட்டால், உரிய மொழிச்சூழலில் இயங்கும் பாஷ் 11 என்னும். டாஷ் நெடுங்காலமாக 33 என்றே கூறிவந்தது. ஆறு என்று கூறும் ஓடு இவற்றுள் இல்லை. பிரின்ட்எஃப் கொண்டு பெயர்களை நிரைப்படுத்தி அட்டவணை அமைக்க முயல்வோர், தமிழ்ப் பெயர்கள் மாத்திரம் நிரல் குலைந்து நிற்பதைக் காண்பதும் இதனாலேயே. அகலத்தைப் பைற்றுகளால் அளக்கும் மரபு, ஓர் எழுத்து ஒரு பைற்று என்னும் ஆங்கில எழுத்து வரலாற்றின் எச்சம்.

மேலும், ‘கோ’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பும் ஆகாரக் காலுமாக இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பின்னைய முறையில் எமது சொல் 12 குறியீடுகளும் 36 பைற்றுகளுமாகிவிடும். அப்பிளின் பழைய கோப்பு முறைமை கோப்புப் பெயர்களை இவ்வாறு பிரித்தே சேமித்தது. அங்கிருந்து லினக்ஸ் சேவையகத்துக்கு வந்த கோப்பைப் பெயரால் தேடும் கட்டளைக்கோவை, கோப்பு கண்முன் இருக்கவும் ‘கிடைக்கவில்லை’ எனத் திரும்பும்.

யுனிகோடுக்கு முன்னர் இலங்கையிற் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவில் தொகுக்கப்பட்ட கோப்புகள் வேறுவகைச் சிக்கலைத் தருவன. தமிழ் வடிவங்களை ஆங்கில எழுத்துக்களின் குறியெண்களில் ஏற்றிய முறை அது. அதில் மெய்யெழுத்தின் புள்ளி அரைப்புள்ளிக் குறியின் இடத்தில் அமர்ந்துள்ளது. ஓட்டின் இலக்கணத்தில் அரைப்புள்ளி ஒரு கட்டளை முடிந்தது என்பதன் அடையாளம். எனவே பாமினிச் சொல்லொன்றை மேற்கோட்குறியின்றிக் கட்டளை வரியில் எழுதினால், ஓடு ஒவ்வொரு மெய்யெழுத்திலும் கட்டளையை முறித்துவிடும். இரு மெய்களையுடைய புறக்கோட்டை மூன்று துண்டுகளாகும். பின்னிரண்டு துண்டுகளையும் நிரற்பெயர்கள் எனக்கொண்டு ஓடு தேடத் தொடங்கும். பெரிய எழுத்துக்களைச் சிறிய எழுத்துக்களாக்கும் வழமையான கட்டளையைச் செலுத்தினாலோ, பாமினியில் புறக்கோட்டை ‘பறக்கொட்டை’ ஆகிவிடும். ஆங்கிலப் பனுவலுக்குத் தீங்கற்ற செயல் தமிழ்ப் பனுவலை அழிக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

அகரவரிசையும் இத்தகையதே. மொழிச்சூழல் அமையாத கணினியில் வரிசைப்படுத்தும் நிரல் குறியெண்ணின் ஒழுங்கையே பின்பற்றும். அவ்வொழுங்கில் ளகரம் ழகரத்துக்கு முந்துவதால் ‘பள்ளம்’ முன்னும் ‘பழம்’ பின்னும் வரும். எமது மரபொழுங்கு இதற்கு மாறானது. இலங்கைத் தமிழுக்குரிய மொழிச்சூழல் வரையறை லினக்ஸின் குனூ நூலகத்தில் உள்ளது. ஆனால் எல்லாக் கணினிகளிலும் நிறுவப்பட்டிருப்பதில்லை. ஒரே கோவை இரு கணினிகளில் இரு வேறு ஆசிரியர் அகரவரிசைகளைத் தருவது இதன் விளைவு.

6

இவற்றை இத்துணை விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. ஒரே இடத்தில் ஒரே படியாக இருப்பது அழியக்கூடியது என்பதை எமது சமூகம் பெருவிலை கொடுத்து அறிந்தது. 2005இல் தன்னார்வலர்களால் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ இணைய நூலகம் போன்ற முயற்சிகள் அவ்வறிவின் பயன்கள். இத்தகைய பணிகளில் ஆயிரக்கணக்கான கோப்புகளைப் பெயரிடவும், பழுதுற்றனவா எனச் சரிபார்க்கவும், வெவ்வேறு இடங்களுக்குப் படியெடுக்கவும் கட்டளைக்கோவைகள் ஏற்ற கருவிகள். ஊதியமின்றி உழைப்போர் கைக்கெட்டிய கணினிகளிலேயே வேலை செய்வர். ஒருவரிடம் விண்டோஸ், இன்னொருவரிடம் பழைய அப்பிள், சேவையகத்தில் லினக்ஸ் என்றிருப்பது இயல்பு. ‘புதியதை நிறுவிக்கொள்க’ என்னும் அறிவுரை வசதியுள்ள நிறுவனத்துக்குப் பொருந்தலாம்; பலர் சேர்ந்து சிறுகச் சிறுக ஆற்றும் பணிக்குப் பொருந்தாது. எழுதியவர் புலம்பெயர்ந்து சென்றபின்னும், கணினி மாறியபின்னும் கோவை இயங்கவேண்டும்.

ஆகவே செய்யத்தக்கவை சில. முதல் வரியிற் பொது ஓட்டின் பெயரை எழுதினால் போசிக்ஸ் வழக்கைக் கடவாதிருத்தல் வேண்டும்; பாஷ் தேவையெனின் அதனை வெளிப்படையாகக் கூறவேண்டும். மாறிகளின் மதிப்பை எடுத்தாளும்போது இரட்டை மேற்கோட்குறிக்குள் இடவேண்டும். இடைவெளியுள்ள கோப்புப் பெயரைப் பொது ஓடு துண்டாக்கும், இசட்எஸ்எச் துண்டாக்காது. மேற்கோட்குறி இவ்வேறுபாட்டை நீக்கிவிடும். மொழிச்சூழல் எதுவெனக் கோவையிலேயே குறிப்பிடுதல் வேண்டும். தமிழ்ப் பனுவல்களைக் கையாளுமுன் அவற்றை ஒரே யுனிகோட் வடிவுக்குக் கொணர்தல் வேண்டும். எழுதிய கோவையை டாஷ், பாஷ், ஆல்பைன் லினக்ஸ் போன்ற சிறு முறைமைகளில் உள்ள பிசிபொக்ஸ் ஓடு ஆகிய மூன்றிலேனும் இயக்கிப் பார்த்தல் வேண்டும். தமிழ்ப் பெயருடைய கோப்புகளைக் கொண்டே பார்த்தல் வேண்டும். 2012இல் விடார் ஹோலன் தொடங்கிய ‘ஷெல்செக்’ என்னும் சோதனை நிரல் பிறவழக்குகளைச் சுட்டிக்காட்ட உதவும்.

பெயர்வுத்தன்மையை ஒரு வழிபாட்டுப் பொருளாக்குதலும் தவறு. எழுத்துக்களை ஆறு என எண்ணவேண்டிய வேலைக்கு ஓடு ஏற்ற கருவியன்று. யுனிகோடை நன்கறிந்த வேறொரு நிரல்மொழியை நாடுதலே முறை. கிளைமொழிகளை இழிந்தனவாகக் கருதுதலும் பொருந்தாது. 1960களின் முற்பகுதியில் ஈழத்து இலக்கியத்தில் நிகழ்ந்த மரபுப் போராட்டம், பேச்சுவழக்கின் உயிர்ப்பு இன்றி எழுத்துவழக்கு வளம்பெறாது என்பதை நிலைநாட்டிற்று. போசிக்ஸின் வரலாறும் அவ்வாறே. குழாய்த்தொடரின் இடையில் நேரும் தோல்வியை மறையாது வெளிப்படுத்தும் வசதியும், கோப்புப் பெயர்களை வெற்றுக் குறியாற் பிரித்துத் தரும் வசதியும் நெடுங்காலம் தனிவழக்குகளாக இருந்தன. 2024ஆம் ஆண்டுத் தராதரம் அவ்விரண்டையும் ஏற்றுக்கொண்டது. பயில்வோர் வற்புறுத்த, ஆக்குவோர் இணங்க, பொதுமொழி விரிந்தது.

இவ்விடத்திற்றான் எமது பொறுப்பும் எழுகின்றது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் 2008இல் தமிழ்க் குறிமுறைக்கான எஸ்.எல்.எஸ். 1326 தராதரத்தை வெளியிட்டமை ஒரு தொடக்கம். ஓடுகளையும் அவற்றின் கருவிகளையும் தமிழ்ப் பனுவலில் இயக்கிப் பார்த்து, பிழை கண்டவிடத்து அவற்றை ஆக்குவோருக்கு முறையாக அறிவிப்பவர்களாக எமது பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்களும் கணினித் துறைகளும் இணைந்து இயங்குதல் வேண்டும். ஆக்குவோருட் பெரும்பாலார் தமிழ் அறியாதவர். தம் கண்ணிற் படாத பிழையை அவர்கள் திருத்த இயலாது. தமிழ் எழுத்தை நன்கறிந்த இலக்கிய மாணவர்களே அப்பிழைகளை முதலிற் காண வல்லவர்கள். இப்பணியைக் கணினித் துறையாரிடம் மாத்திரம் விட்டுவிடலாகாது என்பதே நாம் இங்கு வற்புறுத்த விழைவது.